எட்டுக் கம்பியா, ஒரே குழாயா?

சென்ற இதழில் முதல் தொலைநோக்கி பற்றிக் கேட்ட ஒரு மாணவிக்கு, "8 அங்குல டாப்சோனியன் வாங்கு, குழாய் முழுசாக இருக்கட்டும்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். கடைசி மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டு இந்த மாதம் கடிதங்கள் குவிந்துவிட்டன. சிலர் சண்டைக்கே வந்திருக்கிறார்கள். சரி, இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிடுகிறேன். நிலா, கிரகணக் கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். டாப்சோனியன் என்ற வகைத் தொலைநோக்கியில் அடியில் ஒரு பெரிய குழிக்கண்ணாடி இருக்கும். 8 அங்குலம், 10 அங்குலம் என்பதெல்லாம் அதன் குறுக்களவு. மேலே சாய்வாக ஒரு சின்னக் கண்ணாடி. பெரியது ஒளியைக் குவித்து மேலே அனுப்ப, சின்னது அதைப் பக்கவாட்டில் திருப்பி நம் கண்ணுக்குக் கொண்டுவரும். இந்த இரண்டையும் இணைக்கும் உடல் ஒரே நீளக் குழாயாக இருந்தால் அது சாலிட் ட்யூப். கீழே கண்ணாடிப் பெட்டி, மேலே வளையம்போல ஒரு கூண்டு, நடுவில் ஆறோ எட்டோ அலுமினியக் கம்பிகள் என்று கழற்றி மாட்டும்படி இருந்தால் அது ட்ரஸ் ட்யூப். என்னிடம் இரண்டும் உண்டு. 8 அங்குலக் குழாய் 19 வருடமாக இருக்கிறது. 12 அங்குல ட்ரஸ் வந்து 9 வருடம் ஆகிறது. கீழே சொல்வதெல்லாம் இவை இரண்டையும் தூக்கி இறக்கித் தெரிந்துகொண்டது.

கேள்வி: அக்கா, 10 அங்குலம் என்று முடிவு செய்துவிட்டேன். அதே கண்ணாடி சாலிட் ட்யூபிலும் கிடைக்கிறது, ட்ரஸ்ஸிலும் கிடைக்கிறது. ட்ரஸ் எடை குறைவு, எளிதாகத் தூக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நான் இருப்பது இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கார் இருக்கிறது, ஆனால் சின்னது. எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதிதான் சரி. ட்ரஸ் இடத்தைக் குறைக்கும். எடையை அது பெரிதாகக் குறைப்பதில்லை.

ஒரு தொலைநோக்கியில் எடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி, அதைத் தாங்கும் அடித்தட்டு, அப்புறம் எல்லாவற்றையும் தாங்கிச் சுழலும் அடிப்பெட்டி. இந்த மூன்றும் எந்த வகையிலும் அப்படியேதான் இருக்கும். ட்ரஸ்ஸில் நீங்கள் நீக்குவது நடுவில் இருக்கும் தகட்டுக் குழாயை மட்டும். அந்தத் தகடு மெல்லியது, எடையும் அதிகமில்லை. அதற்குப் பதிலாகக் கம்பிகள், கம்பி முனைப் பிடிகள், திருகுகள், கெட்டியான மேல் கூண்டு எல்லாம் சேர்கின்றன. அதனால் தயாராக விற்கும் 10 அங்குல ட்ரஸ்ஸைத் தராசில் வைத்தால் பெரும்பாலும் குழாயின் எடையேதான் காட்டும், சிலவற்றில் கூடுதலாகவே இருக்கும். கையால் செய்து, பலகையைக் குடைந்து குடைந்து எடை குறைத்த ட்ரஸ்கள் வேறு கதை. நீங்கள் கேட்பது தயாராக வாங்குவதைப் பற்றி.

10 அங்குலக் குழாய் பொதுவாக 15 கிலோ பக்கம் இருக்கும். அடிப்பெட்டியும் ஏறத்தாழ அதே எடை. எனவே வாங்குவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். 15 லிட்டர் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி, நீங்கள் அவதானிக்கப் போகும் இடம் வரை படி இறங்கித் தூக்கிப் போங்கள். அப்புறம் திரும்பி ஏறி வாருங்கள். இதை இரண்டு முறை செய்ய வேண்டும், ஏனென்றால் குழாய் ஒரு நடை, பெட்டி ஒரு நடை. ஏறி வருவதை இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தோடு செய்து பாருங்கள் என்றுகூடச் சொல்வேன். முழுசாக இருட்டுக்குப் பழகிய கண்ணோடு, விளக்குப் போடாமல் ஏறும் படி வேறு மாதிரி இருக்கும். இதில் திணறினால் எந்த வகை என்று யோசிக்க வேண்டாம், 8 அங்குலத்துக்கு இறங்கிவிடுங்கள்.

எடைக்கு அப்புறம் நீளம். 10 அங்குலக் கண்ணாடிகளின் குவியத்தூரம், அதாவது கண்ணாடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரை உள்ள தூரம், பெரும்பாலும் 1250 மி.மீ. சுற்றுவட்டாரத்தில் இருக்கும். குழாயும் 1.2 மீட்டருக்குப் பக்கத்தில் வரும், குறுக்களவு சுமார் 30 செ.மீ. பெரும்பாலான கார்களின் பின் இருக்கையில் இது குறுக்காகப் படுக்கும், ஆனால் மயிரிழையில். கதவுகளின் உட்பக்கம் கை வைக்கும் திட்டு துருத்திக்கொண்டிருக்கும் அல்லவா, அங்கேதான் இடிக்கும். எனவே இருக்கையின் அகலத்தை அளக்காதீர்கள், அந்தத் திட்டுக்கும் எதிர்த் திட்டுக்கும் நடுவே அளங்கள். இன்னும் நல்லது, ஒரு பாயைச் சுருட்டி அதே நீளத்துக்கும் பருமனுக்கும் கட்டிக்கொண்டு உள்ளே நுழைத்துப் பாருங்கள். மாடிப்படி திரும்பும் இடத்திலும் அதைத் தூக்கிக்கொண்டு திரும்புங்கள். இப்படிப் பாயைத் தூக்கிக்கொண்டு இறங்கியபோதுதான் என் வீட்டுப் படி வளைவில் 12 அங்குலக் குழாய் திரும்பாது என்று எனக்குத் தெரிந்தது. அதன் நீளம் ஒன்றரை மீட்டர்.

பாய் உள்ளே போகிறது, பக்கெட்டும் ஏறி இறங்குகிறது என்றால் சாலிட் ட்யூப் வாங்குங்கள். 10 அங்குலம் வரை எனக்கு இதில் தயக்கமே இல்லை. கீழே கொண்டு போய்ப் பெட்டியை வைத்து, குழாயை மேலே அமர்த்தினால் வேலை முடிந்தது. மேகம் நடுவே அரை மணி நேரம் வானம் திறந்தால்கூட நீங்கள் சனியைப் பார்த்துவிட்டு வரலாம். ட்ரஸ் வைத்திருப்பவர் அந்த அரை மணி நேரத்துக்காகக் கம்பி மாட்ட இறங்க மாட்டார். எத்தனையோ இரவுகளில் நானே இறங்கியதில்லை, 8 அங்குலத்தைத்தான் எடுத்துப் போயிருக்கிறேன்.

கேள்வி: ட்ரஸ் என்றால் ஒவ்வொரு முறையும் கொலிமேஷன் செய்ய வேண்டுமாமே? எனக்கு அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. சாலிட் ட்யூப் வாங்கினால் அந்தத் தொல்லையே இருக்காதா?

பதில்: இருக்கும். ஆனால் அளவு வேறு.

கொலிமேஷன் என்பது பெரிய கண்ணாடி, சின்னக் கண்ணாடி, ஐபீஸ் (நாம் கண் வைத்துப் பார்க்கும் வில்லை) மூன்றையும் ஒரே நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருவது. குழாய்த் தொலைநோக்கியைக் காரில் குலுக்கிக்கொண்டு போனாலும் சின்னக் கண்ணாடி பெரும்பாலும் நகர்ந்திருக்காது. பெரிய கண்ணாடியின் பின்னால் இருக்கும் திருகை ஒரு கால் சுற்றுத் திருப்பினால் போதும். என் 8 அங்குலத்தில் சில வாரங்கள் தொடவே தேவைப்படாது. ட்ரஸ்ஸில் மேல் கூண்டை ஒவ்வொரு இரவும் புதிதாக மாட்டுகிறீர்கள். எட்டுக் கம்பிகளில் ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் சின்னக் கண்ணாடியின் பார்வை மாறிவிடும். அதனால் இரண்டு கண்ணாடியையும் சரி பார்த்தே ஆக வேண்டும். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. முதல் மாதம் அரை மணி நேரம் ஆகும், மனம் தளராதீர்கள்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பது குழாயா கம்பியா என்பதைவிட, குவியத்தூரத்துக்கும் கண்ணாடியின் குறுக்களவுக்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. அந்த விகிதம் 8 என்றால் எஃப் 8 என்று எழுதுவோம். பரவளையக் கண்ணாடியின் அச்சிலிருந்து விலக விலக விண்மீனுக்கு வால் முளைக்கும். அதைத்தான் கோமா என்கிறார்கள். வால் தெரியாத நல்ல வட்டம், விகிதத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு மாறும். எஃப் 8 கண்ணாடியில் அந்த வட்டம் சுமார் 11 மி.மீ. அகலம். எஃப் 6-இல் 5 மி.மீ.-க்குச் சற்றுக் குறைவு. எஃப் 5-இல் 3 மி.மீ. கூட இல்லை. அந்தச் சின்ன வட்டத்தை ஐபீஸின் நடுவே கொண்டுவந்து நிறுத்துவதுதான் நாம் திருகைத் திருப்பிச் செய்யும் வேலை. 6 அங்குல எஃப் 8 வைத்திருப்பவர் அலட்டிக்கொள்ளாமல் இருப்பதும், 10 அங்குல எஃப் 5 வைத்திருப்பவர் குனிந்து நிமிர்ந்து திருகிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

கொலிமேஷனை லேசர் வைத்துச் செய்பவர்கள் முதலில் லேசரையே சோதியுங்கள். அதை ஐபீஸ் மாட்டும் ஃபோக்கஸரில் பொருத்தி மெதுவாகச் சுழற்றுங்கள். பெரிய கண்ணாடியில் விழும் சிவப்புப் புள்ளி ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அது வட்டம் போட்டால் லேசர் தானே கோணலாக இருக்கிறது, அதை நம்பிச் செய்த எல்லாமே கோணலாகத்தான் வரும். புள்ளி நிற்கிறது என்றால், சின்னக் கண்ணாடியின் திருகுகளைத் திருப்பிப் புள்ளியைப் பெரிய கண்ணாடியின் மைய வளையத்துக்குக் கொண்டு வாருங்கள். பிறகு பெரிய கண்ணாடியின் திருகுகளைத் திருப்பி, திரும்பி வரும் ஒளியை லேசரின் துளைக்கே அனுப்புங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். ட்ரஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தொலைநோக்கியை அறுபது டிகிரி போலச் சாய்த்து வைத்துச் செய்வது நல்லது. உச்சியை நோக்கி நிமிர்த்தி வைத்துச் செய்துவிட்டுக் கீழே சாய்த்தால், கம்பிகள் நெகிழ்ந்து புள்ளி நகர்வதை நீங்களே பார்க்கலாம். நகர்வு மிக அதிகம் என்றால் ஏதோ ஒரு திருகு இறுகவில்லை.

சாலிட் ட்யூப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சின்னக் கண்ணாடியின் திருகைத் தொடும்போது குழாய் படுத்திருக்கட்டும். நான் முதல் வருடம் குழாயை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மேலே கைவிட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். ஆலன் கீ விரலிலிருந்து வழுக்கியது. அது குழாயின் சுவரில் ஒரு முறை மோதியது, இன்னொரு முறை மோதியது, அப்புறம் கண்ணாடியில் விழுந்த சத்தம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உள்ளே பார்க்கத் துணிவில்லாமல் சிறிது நேரம் அப்படியே நின்றேன். நல்லவேளை, விளிம்பில் விரல் நகத்தில் பாதி அளவுக்குச் சில்லு பெயர்ந்ததோடு போயிற்று. படத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆனாலும் கண்ணாடியைக் கழுவும் ஒவ்வொரு முறையும் என் விரல் அந்த இடத்தைத் தேடிப் போகும்.

ட்ரஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். திருகுகளைக் கம்பியோடு சேர்த்தே கட்டிவைத்துவிடுங்கள். ஓர் அமாவாசை இரவு, நல்ல இருட்டான இடத்துக்குப் பெட்டி, கம்பி, கூண்டு, ஐபீஸ் எல்லாவற்றையும் கொண்டு போய் இறக்கினேன். எட்டுத் திருகுகள் இருந்த சின்னப் பை வீட்டு மேசையில் இருந்தது. வானத்தில் துளி மேகம் இல்லை. அன்றிரவு முழுவதும் 10x50 பைனாகுலரில் பால்வெளியைத் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாளே எட்டுத் திருகுகளுக்கும் மெல்லிய நைலான் கயிறு போட்டுக் கம்பி முனையில் முடிந்துவிட்டேன். குழாய்த் தொலைநோக்கியில் இப்படி மறப்பதற்கு ஒன்றும் இல்லை.

கேள்வி: ட்ரஸ் திறந்திருப்பதால் காற்று ஓடும், கண்ணாடி சீக்கிரம் குளிரும், அதனால் கிரகங்கள் கூர்மையாகத் தெரியும் என்கிறார்களே?

பதில்: கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சூட்டைப் பிடித்து வைத்திருப்பது கண்ணாடி. 12 அங்குலக் கண்ணாடி 40 மி.மீ. தடிமன் என்றால் கண்ணாடி மட்டுமே ஆறரை கிலோ. வீட்டுக்குள் இருந்து வெளியே கொண்டுவந்ததும் அது சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். அதன் முகத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலம் நெளியும். சனியின் வளையம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கண்ணாடி காற்றோடு ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் வந்தால்தான் அது அடங்கும். ட்ரஸ்ஸிலும் அந்தக் கண்ணாடி ஒரு பெட்டிக்குள்தானே உட்கார்ந்திருக்கிறது? நடுப்பகுதி திறந்திருப்பதால் அதற்குக் கிடைக்கும் ஆதாயம் குறைவு. பின்னால் ஒரு சின்ன மின்விசிறி, கணினியில் இருப்பது மாதிரி ஒன்று, வைத்து ஓட்டினால் இரண்டு வகையிலும் பெரிய மாற்றம் தெரியும். நான் காசையும் கவனத்தையும் அந்த விசிறிக்குத்தான் கொடுப்பேன்.

அப்புறம், திறந்த கம்பிகளுக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. அது நீங்களேதான், உங்கள் உடல் சூடு. இதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். ஒரு பிரகாசமான விண்மீனை ஐபீஸில் வைத்து, ஃபோக்கஸைக் கலைத்து, அது ஒரு தட்டுப்போலப் பெரிதாகும்வரை திருப்புங்கள். இப்போது உங்கள் கையைக் கம்பிகளுக்கு இடையே, ஒளி வரும் வழியின் ஓரத்தில் நீட்டுங்கள். தட்டில் உங்கள் கையின் நிழல் தெரியும். அந்த நிழலின் ஒவ்வொரு விரலிலிருந்தும் சூடான காற்று தீ நாக்குபோல மேலே எழுவதும் தெரியும். முதன்முதலில் பார்த்தபோது நான் கையை இழுத்துக்கொண்டேன், சுட்டுவிட்டது போல. ஐபீஸுக்குப் பக்கத்தில் நிற்கும் முகமும் தோளும் இரவு முழுக்க இதே வேலையைத்தான் செய்கின்றன.

அதனால்தான் ட்ரஸ்ஸுக்குக் கருப்புத் துணி உறை போடுகிறோம். இழுத்தால் நீளும் துணி நல்லது, தொளதொளவென்று இருந்தால் நடுவில் தொய்ந்து ஒளியையே மறைக்கும். உறை உடல் சூட்டைத் தடுக்கும், பக்கத்து விளக்கின் வெளிச்சத்தைத் தடுக்கும், மேலே இருந்து எதுவும் கண்ணாடியில் விழாமல் பார்த்துக்கொள்ளும். யோசித்துப் பாருங்கள், கழற்றிய குழாயைத் துணியில் திரும்பச் செய்து மாட்டுகிறோம்.

பனி இன்னொரு விஷயம். சின்னக் கண்ணாடியின் முதுகு வானத்தைப் பார்த்து இருப்பதால் அது சூட்டைச் சீக்கிரம் இழக்கும். குழாயில் அதைச் சுற்றிச் சுவரும், மேலே கொஞ்சம் நீட்டமும் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். ட்ரஸ்ஸின் குட்டையான கூண்டில் சீக்கிரம் மூடிவிடும். விண்மீன்கள் ஒவ்வொன்றாக மங்கி, மேகம் வந்துவிட்டதா என்று நிமிர்ந்து பார்த்தால் வானம் சுத்தமாக இருக்கும். அப்போது சின்னக் கண்ணாடியைப் பாருங்கள். துடைக்கக் கூடாது, பூச்சு கீறிவிடும். பேட்டரியில் ஓடும் ஒரு சின்னச் சூடேற்றியை அதன் முதுகில் ஒட்டுவதுதான் வழி.

கேள்வி: பெரிய ஆய்வகத் தொலைநோக்கிகள் எல்லாம் திறந்த சட்டகங்கள்தானே? ட்ரஸ்தான் மேலானது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பதில்: இதைக் கேட்டவருக்கு நன்றி, எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வில்லியம் ஹெர்ஷல் 1789-இல் முடித்த 40 அடித் தொலைநோக்கிக்கு இரும்புத் தகட்டால் முழுக் குழாய்தான். கண்ணாடி பெரிதாகப் பெரிதாகக் குழாயின் எடையும் அது வளைவதும் தாங்க முடியாத அளவுக்குப் போயின. பலோமர் மலையில் 200 அங்குல ஹேல் தொலைநோக்கியைத் திட்டமிட்டபோது கண்ணாடி மட்டும் பதினான்கரை டன். அதைக் கீழேயும் மற்ற கருவிகளை மேலேயும் வைத்து, எந்தப் பக்கம் சாய்த்தாலும் இரண்டும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். வளையவே வளையாத உடல் என்று ஒன்று கிடையாது. மார்க் செரூரியே என்ற பொறியாளர் 1935-இல் இதற்கு ஒரு வழி கண்டார். நடுவில் ஒரு கெட்டியான சட்டம், அதிலிருந்து மேலேயும் கீழேயும் முக்கோணமாகப் போகும் கம்பிகள். சாய்க்கும்போது மேல் முனையும் தாழும், கீழ் முனையும் தாழும். ஆனால் இரண்டும் ஒரே அளவு தாழும், ஒன்றுக்கொன்று இணையாகவே தாழும். வளைவை ஒழிக்காமலே அதன் தீங்கை ஒழித்துவிட்டார். அந்தத் தொலைநோக்கி 1948-இல் திறக்கப்பட்டது. (சினிமா எடிட்டிங் மேசையில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய மூவியோலாவைக் கண்டுபிடித்த ஐவன் செரூரியே இவருடைய அப்பா.)

நம் ட்ரஸ் டாப்சோனியனில் இருப்பது அதில் மேல் பாதி மட்டும்தான். கண்ணாடி நேராகக் கெட்டியான பெட்டிக்குள் உட்கார்ந்துவிடுவதால் கீழ்ப் பாதி கிடையாது, மேலே தாழ்வதைச் சமன்செய்ய ஒன்றும் இல்லை. எனவே ஆய்வகத்தைச் சாட்சிக்கு அழைத்தாலும் அது நம் அளவுக்குப் பொருந்தாது. அவர்களுக்குக் குழாய் முடியாது, அதனால் ட்ரஸ். நமக்கு 10 அங்குலம் வரை குழாய் முடியும்.

டாப்சோனியனுக்குப் பெயர் கொடுத்த ஜான் டாப்சனையும் இங்கே சொல்ல வேண்டும். 1915-இல் பிறந்தவர். கலிபோர்னியாவில் வேதாந்த சங்கத்தின் மடங்களில் 23 வருடம் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கினார். காங்கிரீட் தூண் வார்ப்பதற்கு அச்சாக வைக்கும் தடித்த அட்டைக் குழாயை உடலாக்கினார். மடத்தை விட்டு வந்தபின் அவற்றைத் தெருவோரம் வைத்துப் போவோர் வருவோரை அழைத்துக் காட்டினார். அடிப்பெட்டியில் விரலால் தள்ளினால் நகர்ந்து, விட்டால் நிற்கும் அந்தச் சுகம் அவர் கொடுத்தது. 2014-இல் இறக்கும்வரை அவருக்கு இருந்த கவலையெல்லாம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான். குழாய் என்றதும் ஆரம்பநிலைக்காரர்களுக்கானது என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் அவரைத்தான் சொல்வேன்.

கேள்வி: சகோதரி, எனக்கு வயது 68. 8 அங்குலக் குழாய் 12 வருடமாக வைத்திருக்கிறேன். ஹெர்குலிஸ் விண்மீன் கொத்தை இன்னும் பிரமாதமாகப் பார்க்க வேண்டும் என்று ஆசை. 12 அங்குல ட்ரஸ் வாங்கலாமா? முதுகு முன்போல் இல்லை.

பதில்: ஐயா, ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். 8-இலிருந்து 12-க்குப் போனால் ஒளி இரண்டேகால் மடங்கு கூடும். எம் 13, அதாவது நீங்கள் சொன்ன ஹெர்குலிஸ் கொத்து, உங்கள் 8 அங்குலத்தில் ஓரங்களில் விண்மீன்களாகப் பிரிந்து, நடுவில் பொடியாகத் தெரியும் அல்லவா? 12-இல் அந்த நடுப்பகுதியும் உடைந்து, புள்ளி மேல் புள்ளியாக ஆழம் வந்துவிடும். நான் முதல் இரவு அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் வேறெதற்கும் போகவில்லை.

ஆனால் முதுகு என்று எழுதியிருக்கிறீர்கள். 12 அங்குலத்தில் சாலிட் ட்யூப் வேண்டவே வேண்டாம். குழாய் மட்டும் 20 கிலோவைத் தாண்டும், ஒன்றரை மீட்டர் நீளத்தில் பிடிப்பதற்கு ஏதுவாக ஒன்றும் இருக்காது. இந்த அளவில் ட்ரஸ்தான் சரி. நீளம் போய்விடும், எடை துண்டுகளாகப் பிரியும். இருந்தாலும் கண்ணாடிப் பெட்டி என்ற ஒரு துண்டு இருக்கிறதே, அதைப் பிரிக்க முடியாது. என்னுடையது கண்ணாடியோடு 17 கிலோ. அதைத் தரையிலிருந்து குனிந்து தூக்கும் அந்த ஒரு அசைவுதான் முதுகைப் பிடிக்கும். எனக்கும் ஐம்பதுக்கு மேல் முழங்கால் தகராறு வந்த பிறகு, தூக்குவதை விட்டுவிட்டு உருட்ட ஆரம்பித்தேன். அடிப்பெட்டியின் இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடிகள், முன்னால் காற்றடைத்த இரண்டு சக்கரங்கள். தள்ளுவண்டிபோலத் தூக்கித் தள்ளிக்கொண்டு போவேன். காற்றடைத்த சக்கரமாக இருப்பது முக்கியம், கெட்டி ரப்பர் என்றால் தரையின் ஒவ்வொரு குலுக்கலும் கண்ணாடிக்குப் போகும்.

எனவே உங்களுக்கு என் கேள்வி ஒன்றுதான். தொலைநோக்கியை வைக்கும் அறையிலிருந்து வானம் தெரியும் இடம் வரை படி இல்லாமல் போக முடியுமா? ஒரே ஒரு படி என்றால் பலகையைச் சாய்த்து வைத்துக்கொள்ளலாம். முடியும் என்றால் தயங்காமல் வாங்குங்கள். இடையில் பத்துப் படி இருந்தால் வேண்டாம் ஐயா. உங்கள் 8 அங்குலத்தோடு இருட்டான இடத்துக்குப் போங்கள். வெளிச்சமான வானத்தில் 12 அங்குலம் காட்டாத மங்கலான நெபுலாக்களை நல்ல இருட்டில் 8 காட்டும். எதுவானாலும் 8-ஐ மட்டும் விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: என்னிடம் இருக்கும் 10 அங்குலக் குழாயை நடுவில் வெட்டி, கம்பி வைத்து ட்ரஸ் ஆக்கலாமா?

பதில்: ஆக்கலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் குழாய் காரில் போகவில்லை என்ற ஒரு காரணம் தவிர வேறெதற்காகவும் செய்யாதீர்கள். கண்ணாடிகளுக்கு இடையே உள்ள தூரம் முன்பிருந்த அதே அளவில் இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் கூடினால்கூட ஃபோக்கஸ் கிடைக்கும் இடம் மாறி, சில ஐபீஸ்கள் கூர்மைக்கே வராமல் போகும். சமநிலைப் புள்ளியும் நகரும், பக்கவாட்டில் இருக்கும் தாங்கு வட்டங்களை இடம் மாற்ற வேண்டிவரும். வெட்டுவதற்கு முன் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றி வேறு அறையில் வைத்துவிடுங்கள், அலுமினியத் தூள் பூச்சில் படிந்தால் கீறும்.

கேள்வி: மூன்று கம்பிகள் மீது மேல்பாகம் சறுக்கி இறங்கும் வகையும் கடைகளில் இருக்கிறதே, அதைப் பற்றி நீங்கள் எழுதியதே இல்லையே?

பதில்: உண்மைதான், விட்டுவிட்டேன். அது குழாய்க்கும் ட்ரஸ்ஸுக்கும் நடுவில் நிற்கிறது. மேல்பாகத்தைக் கீழே தள்ளினால் நீளம் வெகுவாகக் குறைந்து காருக்குள் சுலபமாகப் போகும், வெளியே எடுத்து இழுத்து மூன்று திருகை இறுக்கினால் தயார். கழன்று தொலையும் திருகு ஒன்றும் கிடையாது. எடை குழாய் அளவுக்கே இருக்கும், பிரித்துத் தூக்க முடியாது. எனவே 8-க்கு இது தேவையே இல்லை. 10-க்கு, பாய் பின் இருக்கையில் நுழையவில்லை என்றால் மட்டும். 12-க்கு, தூக்கத் தெம்பு இருந்து கம்பி மாட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது நல்லது. வாங்கும்போது கடையிலேயே மேல்பாகத்தை முழுக்க இழுத்து, திருகை இறுக்கி, லேசரை வைத்துச் சின்னக் கண்ணாடியின் வளையத்தை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் புள்ளி பழைய இடத்துக்கே திரும்பினால் வாங்கலாம். திரும்பாவிட்டால் அடுத்த பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.